எரிகிற வீட்டில் பிடுங்காதது

எலிசேயோ பெட்டியோடுதான் வாங்குவான்.
மேலுறையை நகத்தால் கீறி,
உள்ளே அடைந்திருக்கும் அச்சு மணத்தை
ஒருமுறை மூக்கால் இழுத்து,
பிறகுதான் டிஸ்க்கைத் தொடுவான்,
விளிம்பில் மட்டும்.
நூற்றுப் பதினாறு பெட்டிகள். எழுத்து வரிசை.

நான் சோம்பேறி.
வால்பரைசோ துறைமுகத்தில் இரவுப் பணி,
லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழிப்பது.
விடியற்காலைப் பஸ்ஸில்
விலை குறைந்த கேமைப் பார்த்துக்
கட்டைவிரலால் வாங்குவேன்.
எங்கள் குன்றின் படிகளை
நான் ஏறி முடிப்பதற்குள்
பாதி இறங்கியிருக்கும்.

"காசு கொடுத்துக் காற்று வாங்குகிறாய், யாஸ்னா"
என்பான் அண்ணன்.

பிப்ரவரியில் காற்று
காசில்லாமலே வந்தது.
பின்னால் யூகலிப்டஸ் காடு முழுக்க நெருப்பு.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.
நான் பிடுங்கியது
கரண்ட் பில் ஃபைல்,
ஒரு காலுக்கு மட்டும் செருப்பு.
அவன் அலமாரி முன் நின்றான்,
எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்று.
அப்புறம் திரும்பி
கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு
படியில் ஓடினான்.
அது வெடித்திருந்தால்
கீழ்வரிசை வீடுகளும் போயிருக்கும்.
இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மேலே விட்டார்கள்.
நூற்றுப் பதினாறும் உருகி, ஒட்டி,
ஒரே கருங்கட்டி.
அதிலும் விளிம்பைத்தான் தொட்டான்.

கில்ப்புவேயில் சித்தி மகள் மைத்தேயின் வீடு.
அவளுடைய பழைய கன்சோல்.
பாஸ்வேர்ட் நினைவிருந்தது
(ஒரு கெட்டவார்த்தை, கூடவே எங்கள் கதவு எண்).
சரிபார்ப்புக் குறியீடு உங்கள் போனுக்கு அனுப்பப்பட்டது
என்றது திரை.
போன் சாம்பலில் கிடந்தது.
அதே எண்ணில் புது சிம் வாங்க
மூன்று மணி நேர வரிசை.
எனக்கு முன்னால் ஒரு தச்சர்,
வாடிக்கை எல்லாம் அந்த எண்ணில்தான் என்று
நின்றவர்கள் எல்லோரிடமும் சொன்னார்.

இரவு பட்டியல் வந்தது.
ஒன்று விடாமல்.
பாதியில் வெறுத்து விட்டது,
தள்ளுபடிக்காக வாங்கித் திறக்காதது,
நாய்க்குட்டி வளர்க்கும் அசட்டு கேம் கூட.
மைத்தேயின் வைஃபையில்
ஒரு ராத்திரி முழுக்க இறங்கியது
ஆற்றங்கரையில் நான் கட்டிக்கொண்டிருந்த வீடு.
கூரை பாதி, அப்படியே.
வாசலில் நான் சாய்த்துவிட்டுப் போன மண்வெட்டி.
உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

முதல் வேலையாய்
அந்த அடுப்பை அணைத்தேன்.

தெரியும். ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறேன்.
எனக்கு விற்கப்பட்டது கேம் அல்ல, அனுமதி.
எவனோ ஒருவன் ஏதோ ஒரு ஊரில்
சர்வரை நிறுத்தினால்
என் ஆறும் வற்றும்.
ஆனாலும் அந்த இரவில்
தீ எட்டாத ஒரு முகவரி
எனக்கு இருந்தது.

எலிசேயோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.
"இதில் ஒன்றை எனக்குக் கடன் கொடேன்" என்றான்.
கொடுக்க முடியாது, கையில் எடுக்க ஏதுமில்லை.
இரண்டாவது கன்ட்ரோலரை நீட்டினேன்.

சனிக்கிழமை வலேரியோ வந்தான்.
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிஸ்க் வாங்கிப் போனவன்.
திருப்பித் தராததால் பேச்சுவார்த்தை அறுந்தவன்.
பெட்டி இல்லை, துணியில் சுற்றியிருந்தான்.
நடுவில் ஒரு கீறல்.
தராமலே இருந்ததற்கு
எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்
அண்ணன் அவன் தோளில் ஒரு குத்து விட்டான்.

கன்சோலுக்குள் போட்டோம்.
கரகரவென்று சுற்றியது.
திரை சொன்னது:
புதுப்பிப்பு இறங்குகிறது, நாற்பது நிமிடம்.

மூன்று பேரும் எழுந்து
வாசலுக்குப் போனோம்,
காற்று வாங்க.